வில்லுக்கும் ஷுட்டுக்கும் நடுவில்

லிஃப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்துவார்கள். அந்த மணி எங்கேயோ ஓர் அறையில் ஒலிக்கும் அல்லவா, அந்த அறையில் வேலை பார்த்தவள் அவள். கீழே பெயின்ட் கடை, மேலே லிஃப்ட் பராமரிப்பு கம்பெனி. தின்னர் வாசனை காலையிலேயே படியேறி வந்து அவர்களோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும். மூன்று நாற்காலி, மூன்று ஹெட்செட், ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு பச்சை வாளி.

வேலை பெரிய வேலை இல்லை. மாட்டிக்கொண்டவரைப் பதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும், அவர் எப்போது வருவார் என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டும் அவளுக்குச் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவதில்தான் உயிர் போயிற்று.

வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியமும் நாள் முழுக்க ஒன்றேதான். அவர் உங்களிடம் நாலு மணிக்கு இருப்பார், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இரண்டு இடம் காலியாக இருந்தது. 'பீ வித் யூ' என்பதற்கு முன்னால் வில்லா, ஷுட்டா, மைட்டா? மணிக்கு முன்னால் பையா, அட்டா, அரௌண்டா? பள்ளிக்கூடத்தில் வில், ஷுட், மே, மைட் எல்லாம் ஒரு பாடம். இன், அட், பை, வித் எல்லாம் வேறொரு பாடம். இரண்டுக்கும் தனித்தனியாக மார்க் வாங்கியிருந்தாள். ஒரே வாக்கியத்துக்குள் இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் ஒருவரையொருவர் பார்த்துக் கண் காட்டிக்கொள்வார்கள் என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு பல் டாக்டரிடம் 'இன் ஹாஃப் அன் அவர்' என்று சொல்லிவிட்டாள். அரை மணிக்குள் வந்துவிடுவார் என்று அவளுக்கு அர்த்தம். அரை மணி கழித்துத்தான் வருவார் என்று டாக்டர் எடுத்துக்கொண்டு, லிஃப்ட் மோட்டார் அறையின் சாவியோடு காபி குடிக்கப் போய்விட்டார். மெக்கானிக் பத்து நிமிஷத்தில் போய் நின்று பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு டீம் லீடர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஐம்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் திட்டப்போகிறாள், போட்டுக்கொண்டால் சொல்லித்தரப்போகிறாள் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். அன்று போட்டுக்கொண்டாள்.

"இங்க பாரும்மா. முன்னால இறுக்கினா பின்னால தளர்த்தணும். பின்னால இறுக்கினா முன்னால தளர்த்தணும். வில் போட்டியா, அரௌண்ட் போடு. பை போட்டியா, ஷுட் போடு. ரெண்டையும் சேர்த்து இறுக்கிடாத. காலர் பட்டனையும் போட்டு பெல்ட்டையும் இறுக்கிட்டா மனுஷன் எப்படி மூச்சு விடுவான்?"

"மைட் மேடம்?"

"மைட் வாயிலயே வரக்கூடாது. உள்ள இருக்கிறவங்க சாமி கும்பிட ஆரம்பிச்சிடுவாங்க."

பக்கத்து சீட்டுக்காரி ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணு வில்லு, ஒண்ணு சுடுறது. நாம லிஃப்ட் கம்பெனியிலதான இருக்கோம், இல்ல போருக்குக் கிளம்புறமா?"

ஷுட் பீ வித் யூ பை ஃபோர். வில் பீ வித் யூ அரௌண்ட் ஃபோர். முதலாவதில் நாலுக்குள் வரக்கூடும், இரண்டாவதில் நாலு வாக்கில் கட்டாயம் வருவார். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிட்டது. தூக்கத்திலும் அதையே உளறுவதாக அவளுடைய அக்கா சொன்னாள்.

அக்கா வீட்டில்தான் அவள் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஒருவனோடு வாழ்ந்து, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஊருக்கு நல்லவன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த எந்த வார்த்தைக்கும் கால் கிடையாது. "ஆறு மணிக்கு ரெடியா இரு, வந்துடுவேன்" என்பான். அவள் புடவை கட்டி, பூ வைத்து, செருப்பு வரை மாட்டிக்கொண்டு வாசலுக்கு அருகில் உட்கார்ந்திருப்பாள். எட்டு மணிக்குச் செருப்பைக் கழற்றுவாள். அவன் வந்து "மறந்தே போச்சும்மா" என்று சிரிப்பான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும் வந்துடுவேன்தான், அவளுடைய அப்பா இறந்துபோனபோதும் வந்துடுவேன்தான். இரண்டாவதற்குப் பிறகு அவள் எதற்கும் காத்திருப்பதை விட்டாள். அதனால் "இன்னொரு கல்யாணம்" என்று அக்கா ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

மெக்கானிக்குகள் நான்கு பேர். "இதோ வந்துட்டேன்" என்று குண்டு மெக்கானிக் சொன்னால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். "பக்கத்துலதான் இருக்கேன்" என்பவர் எதற்குப் பக்கத்தில் என்று சொல்லமாட்டார். மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம்." ஆகவே அவள் கேட்டதை வடிகட்டி, பாதியாக்கி, ஷுட் போட்டு அனுப்புவாள்.

நாலாவது ஆள் நெட்டை மெக்கானிக். நாற்பது வயது. லிஃப்ட்டுக்குள் நின்றால் தலைக்கும் விளக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருக்கும். அவருக்குத் திக்குவாய். 'வ'வில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுவார். மற்ற ஆபரேட்டர்கள் நல்ல மனசோடுதான் அவருடைய வார்த்தையைப் பிடுங்கி முடித்துக் கொடுப்பார்கள். "வ... வ..." என்றால் "வண்டியா? வழியா? வயரா?" என்று அடுக்குவார்கள். அவர் கடைசியில் ஏதோ ஒன்றுக்கு "ஆமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவள் மட்டும் முடித்துக் கொடுக்கமாட்டாள். வார்த்தை வரும்வரை வாளியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

பேச்சு அவருக்குச் செலவுப் பொருள் என்பதால் அளந்துதான் எடுப்பார். நாலு மணி வாக்கில் முடியும் என்றால் "நாலு வாக்குல." நாலு மணிக்கு என்றால் "நாலுக்கு." உறுதியாகத் தெரிந்தால் மட்டும் "நாலுக்குள்ள." அந்த 'உள்ள' வந்துவிட்டால் நாலு அடிப்பதற்கு முன்னால் அந்தக் கட்டடத்திலிருந்து போன் வரும், லிஃப்ட் ஓடுகிறது என்று.

ஒருநாள் டீம் லீடர் அவளை உள்ளே கூப்பிட்டாள். எல்லா அழைப்பும் பதிவாகும், மாதம் ஒருமுறை சிலவற்றைப் போட்டுக் கேட்பது வழக்கம். மூக்குக் கண்ணாடி கழன்று மேஜைமேல் இருந்தது. முதலில் குண்டு மெக்கானிக்குக்காகப் பேசிய அழைப்பு ஓடியது: ஷுட் பீ வித் யூ பை. அடுத்து இன்னொருவர்: ஷுட் பீ. அடுத்தது நெட்டை மெக்கானிக்: வில் பீ வித் யூ பை த்ரீ. இன்னொன்று: வில் பீ வித் யூ பை லெவன். மூன்றாவதும் வில், பை.

அவளுக்குக் காது சுட்டது. தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரியாது.

"ரெண்டையும் இறுக்கியிருக்க" என்றாள் டீம் லீடர்.

"அவர் கரெக்டா போயிடுறாரே மேடம்."

"போறான். இல்லன்னு சொல்லல. நாளைக்கு வண்டி பஞ்சராச்சுன்னா? வில்லுன்னு நீ சொன்னது பதிவுல இருக்கும். கேஸ் போட்டா கம்பெனி பதில் சொல்லணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எல்லாரையும் அண்ணே அண்ணேங்கிற. அவனை மட்டும் சார்ங்கிற. அதையும் கேட்டேன்" என்றாள்.

அவள் தன் கை நகங்களைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. நாளையிலருந்து அவனுக்கும் ஷுட்."

கண்ணாடித் தடுப்புப் போட்ட அறைதான் என்றாலும், பேச்சு வெளியே கேட்கும் அளவுக்கு அதன் கதவில் ஓட்டை இருந்தது. வெளியே வரும்போதே பக்கத்து சீட்டுக்காரி கைதட்டினாள். "வாடி வில்லி! இத்தனை நாள் வில் வில்லுன்னு சொல்லி நிஜமாவே வில்லி ஆயிட்ட." அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் வில்லி. டீ கொண்டுவருகிறவர்கூட "வில்லியம்மாவுக்குச் சக்கரை கம்மி" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து நெட்டை மெக்கானிக்குக்கும் ஷுட் போட்டாள். ஒவ்வொரு தடவையும் உப்பில்லாத கஞ்சி மாதிரி நாக்கில் ஏதோ குறைந்தது. ஆனால் சொன்னாள்.

அந்த வாரமே அவருக்கு விஷயம் போய்விட்டது. ஒரு பழைய குடியிருப்பின் காவலாளி, அவரை நெடுநாளாகத் தெரிந்தவர், படிக்கட்டில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்பா நெட்டை, உங்க ஆபீஸ் பொண்ணு முன்னல்லாம் நீ வந்துடுவேன்னு அடிச்சுச் சொல்லும். வில்லுன்னு. இப்ப என்னமோ ஷுட்டுங்குது. வந்தா வருவாரு, இல்லாட்டி இல்லங்கிற மாதிரி. ஏதாவது பேரைக் கெடுத்துக்கிட்டியா?"

நெட்டை மெக்கானிக் லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொண்டார். குனிந்து கதவின் அடிப்பட்டையைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். எந்த நாளில் தாமதமாகப் போனோம் என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் வலி கூடத்தான் செய்தது. தன் வார்த்தையை அவள் நம்பவில்லை என்றால் அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த 'உள்ள'வை விட்டுவிட்டார். "மூணுக்குள்ள" என்று வர வேண்டிய இடத்தில் "மூணு வாக்குல" என்றார். போவதென்னவோ மூன்றுக்கு முன்னால்தான். சொல்வதுதான் குறைந்தது.

அவள் கவனித்தாள். கவனிக்காமல் இருக்க முடியாது, அந்த 'உள்ள'வுக்காகவே அவள் காதைத் தீட்டி வைத்திருந்தவள். ஓகோ, நம்மிடம் வாக்குக் கொடுக்க இவருக்கும் பயம் வந்துவிட்டதா, எல்லா ஆண்பிள்ளைகளும் கடைசியில் இந்த 'வாக்குல'தானா என்று நினைத்தாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டாள். "என்னடி?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "புளிச்சுப் போச்சு" என்றாள். புளிக்கவில்லை.

இப்படியே ஒரு மாதம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் இருந்துகொண்டு, சின்னச் சின்னச் சொற்களால் ஒருவர் மனதை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு மணி அடித்தது. ஆறாவது மாடியில் உடற்பயிற்சிக் கூடம் உள்ள கட்டடம். உள்ளே ஒருவர்தான். அந்தக் கூடத்தின் பயிற்சியாளர். குரலைக் கேட்டால் நூறு கிலோவை ஒற்றைக் கையால் தூக்குகிறவர் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் நடுங்கியது. மூடிய இடம் அவருக்கு ஆகாது. தினமும் படியில்தான் ஏறுவாராம், இன்று முழங்கால் வலி என்று லிஃப்ட்டில் ஏறியிருக்கிறார்.

அவள் நெட்டை மெக்கானிக்கைப் பிடித்தாள். நிலைமையைச் சொன்னாள்.

"நா... நாலுக்குள்ள" என்றார்.

'உள்ள' வந்துவிட்டது. அவள் பயிற்சியாளரின் லைனுக்குத் திரும்பினாள். டீம் லீடர் சொன்னது நினைவில் இருந்தது. "ஹீ ஷுட் பீ வித் யூ பை ஃபோர், சார்" என்றாள்.

அந்த மனிதரின் ஆங்கிலம் அத்தோடு தீர்ந்துபோயிற்று. பயம் வந்தால் வாய் தாய்மொழிக்கு ஓடிவிடும்போல. "அம்மா, ஷுட் வேணாம்மா" என்று அழாக்குறையாகச் சொன்னார். "ஷுட்னா வராமலும் போகலாம். எனக்குத் தெரியும். என் பசங்ககிட்ட நானே அதைத்தான் சொல்லுவேன், ஒரு மாசத்துல எடை குறையணும்னு. குறையுமான்னா எவனுக்குத் தெரியும்? வருவாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லும்மா."

பதிவு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வருவார் சார். ஹீ வில் பீ வித் யூ பை ஃபோர். நாலு மணிக்குள்ள உங்ககிட்ட இருப்பார்."

பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

பயிற்சியாளர் மூச்சு விடுவது கேட்டது. அவரைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும். "சார், ஹெட்செட் போட்டுப் போட்டு எங்க மூணு பேருக்கும் கழுத்து போயிடுச்சு. ஏதாவது பயிற்சி இருக்கா?" என்று கேட்டு, மற்றவர்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். கேட்டதுதான் தாமதம், அவர் குரலில் வாத்தியார் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நேரா உக்காருங்க. தோளை மேல தூக்குங்க, காதைத் தொடற மாதிரி. பிடிங்க. விடுங்க. யாரு அங்க சிரிக்கிறது? சிரிக்காம தூக்குங்க." மூன்று பேரும் தோளைத் தூக்கி இறக்கினார்கள், பிறகு அவர் சொன்னபடி கைகளை விரித்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த டீம் லீடர், மூன்று பெண்கள் கைகளை விரித்துப் பருந்து மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்னொரு லைன் மின்னியது. நெட்டை மெக்கானிக். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"த... தண்ணிக் குழாய் வெடிச்சிருக்கு. ரோடே இல்ல. நாலுக்குள்ள மு... முடியாது." மூச்சு வாங்கினார். "வண்டிய ஓரங்கட்டிட்டேன். பையைத் தூக்கிட்டு நடக்கிறேன். நாலரைக்குள்ள போயிடுவேன். அ... அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னது தப்பாப் போச்சுன்னு சொல்லுங்க. உங்க பேரு கெட்டுடக் கூடாது."

அவள் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முப்பத்தாறு வயதில், கொடுத்த வாக்கு தவறப்போகிறது என்பதைத் தவறுவதற்கு முன்னாலேயே கூப்பிட்டுச் சொன்ன மனிதர் யாரும் இல்லை. செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலங்களிலும் அவன் வராதது பெரிதில்லை. வரமுடியாது என்று ஒரு வார்த்தை, ஆறு மணிக்கு முன்னால் ஒரு வார்த்தை வந்திருந்தால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சந்தோஷமாகத் துணி மடித்திருப்பாள். இது இப்போதுதான் அவளுக்கே புரிந்தது.

"மேடம்? இ... இருக்கீங்களா?"

"இருக்கேன். பாத்து நடங்க. தண்ணில கால் வழுக்கப்போகுது" என்றாள். சார் என்று சொல்ல மறந்துபோனாள்.

பயிற்சியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் கோபப்பட்டார். "வில்லுன்னு சொன்னியேம்மா!" என்றார். பிறகு நிஜமாகவே அழுதார். "மேல பசங்க இருக்காங்க. நான் அழுறது அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"தெரியாது சார். நான் சொன்னது தப்புதான். ஆனா அவர் நடந்து வந்துக்கிட்டிருக்கார். வர்ற வரைக்கும் நான் இந்த லைனை விட்டு எழுந்திருக்க மாட்டேன். முதுகுக்கு ஏதாவது சொல்லிக் கொடுங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் முதுகுக்குச் சொல்லிக் கொடுத்தார். டீம் லீடரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து மெல்லத் திரும்பினாள். அவளுக்கும் முதுகுவலி உண்டு.

நாலு இருபதுக்கு ஸ்பீக்கரில் வெளியிலிருந்து தட்டும் ஓசை கேட்டது. பிறகு கதவின் இடுக்கு வழியாக ஒரு குரல்: "ப... ப..." அந்தப் பெரிய மனிதர் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் இங்கே காத்திருந்தாள். "பயப்படாதீங்க. வந்துட்டேன்."

லிஃப்ட் ஓட ஆரம்பித்து, சாயங்காலமான பிறகு டீம் லீடர் அவளை உள்ளே கூப்பிட்டாள். கண்ணாடி மேஜைமேல்தான் இருந்தது.

"நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். தப்புதான். ஆனா அவர் நாலுக்கு முன்னாடியே கூப்பிட்டு முடியாதுன்னு சொன்னாரே."

"அதுக்கு?"

"எனக்கு அது போதும் மேடம்."

டீம் லீடர் அவளையே பார்த்தாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள், போட்டுக்கொண்டாள். "போன்ல ஷுட்டுன்னே சொல்லு. அது கம்பெனி. மத்தபடி உன் இஷ்டம், அதை நான் பதிவு பண்ண மாட்டேன். போ, கீழ நிக்கிறான், முட்டி வரைக்கும் சேறு. என் தரையில ஏறினான்னா அவனையே துடைக்கச் சொல்லுவேன்."

அவர் பெயின்ட் கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில், சுவரில் சாயாமல் நின்றுகொண்டிருந்தார். கால்சட்டை முழங்கால்வரை களிமண். கழற்றிய உதிரிபாகம் ஒன்றை மாற்றி வாங்க வந்தாராம்.

"அவர் எப்படி இருக்கார்?" என்று அவள் கேட்டாள்.

"நல்லா இருக்கார். கட்டிப் பிடிச்சுட்டார். இன்னும் வி... விலா வலிக்குது."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, சிரிப்பு முடிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஒ... ஒண்ணு கேக்கணும். நான் எப்பவாவது லேட்டா போயிருக்கேனா? இன்னிக்கு இல்ல. முன்னாடி."

"இல்லையே. ஏன்?"

"எனக்கு மட்டும் வில்லை எடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் எடுக்கல. மேடம் எடுக்கச் சொன்னாங்க. உங்களுக்கு மட்டும் நான் ரெண்டையும் இறுக்கிக் கட்டுறேனாம். மத்த மூணு பேருக்கும் ஷுட்டாம், உங்களுக்கு மட்டும் வில்லாம். ஆபீஸ்ல என் பேரே வில்லி."

அவர் காது மடல் சிவந்தது.

"அதுக்காகத்தான் நீங்க உள்ளவை விட்டுட்டீங்களா?" என்றாள் அவள்.

"எந்த உள்ள?"

"மூணுக்குள்ள, நாலுக்குள்ள. ஒரு மாசமா எல்லாம் வாக்குல, வாக்குலன்னீங்க. என்கிட்ட உறுதியாச் சொல்ல உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சு சோறு திங்காம இருந்தேன்."

பெயின்ட் கடைக்காரர் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தைப் போட்டார். கடகடவென்று படிக்கட்டே அதிர்ந்தது. அது நிற்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றதும் அவர் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வ... வ..."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"வரலாமா? உங்க அக்காவைப் பாக்கணும்."

"வரலாமாவா? வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அத்தான் காலையிலிருந்தே சட்டைக்கு இஸ்திரி போட்டார். அக்கா நாற்காலிகளை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அவர் வந்து, வாசல்படியில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே உட்கார்ந்தார். அத்தானுக்குச் சும்மா இருக்க வராது. "லிஃப்ட் தொழில் எப்படிங்க? ஏற்ற இறக்கம் உண்டுதானே?" என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல் நேராகக் கேட்டாள்: "என் தங்கச்சி ஒருதடவை பட்டவ. இனிமே கலங்காம வச்சுக்குவீங்களா தம்பி?"

அவருக்கு 'வச்சுக்குவேன்' என்ற சொல் வாசலிலேயே நின்றுபோயிற்று. "வ..." என்று முகம் சிவக்க முயன்றார். அத்தான் உதவிக்குப் பாய்ந்தார், "வருமானமா? வயசா?" என்று. அக்கா புருஷனின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள். கடைசியில் அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். "கலங்கவே மாட்டாங்கன்னு சொல்ல எனக்குத் தெரியலைங்க" என்றார் மெதுவாக. "என்னால முடியாம போற நாளும் இருக்கும். ஆனா அன்னிக்கு முதல்ல அவங்ககிட்டதான் சொல்லுவேன்."

அக்காவுக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. தங்கையைப் பார்த்தாள். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து டீம் லீடர் போட்டாள், கண்ணாடி மாட்டிக்கொண்டு. பயிற்சியாளர் இரண்டு மாலையையும் இரு கைகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போட்டோவில் எல்லாரையும் மறைத்து நின்றார்.

அவர்களுக்குக் கிடைத்த வீடு நாலாவது மாடி. வெளிச்சமான வீடு, இரண்டு பக்கமும் ஜன்னல். ஆனால் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. குடிபோன அன்று மெத்தையை அவர் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஏற, குடத்தையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். இரண்டாவது மாடியில் ஒரு பெரியம்மா கதவைத் திறந்து, "தம்பி என்ன வேலை பாக்குது?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றாள் அவள்.

பெரியம்மா மெத்தையையும் படிக்கட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கதவை மூடிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு வெகுநேரம் கேட்டது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மெத்தையை இறக்கிவைத்து இருவரும் அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். அவர் வியர்வையைத் துடைத்தார். அவள் குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்துக் கொடுத்தாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தோளும் தோளும் பட உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு மாடி பாக்கி இருப்பதைப் பற்றி அவர்கள் அவசரப்படவில்லை.